அறுபத்தொரு ஹீட்டர்கள்

டிசம்பர் 2, செவ்வாய், காலை 6.40. சாங்வி, புனே.

குளியலறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தபோது ப்ரீத்தி ஈரத் தரையில் கிடந்தாள். பக்கெட் சாய்ந்திருந்தது. தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டர் ராடு பக்கெட்டுக்கு வெளியே விழுந்து கிடக்க, அதன் பிளக் இன்னும் சுவரில்தான் செருகியிருந்தது. கணவன் அவளைத் தொடப் போனவன், சட்டென்று புத்தி வந்து ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தான். பிறகுதான் தூக்கினான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவளுக்கு முப்பத்தொரு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. குளிர் அதிகமாகிவிட்டதே என்று இணையத்தில் ஹீட்டர் வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் டோங்ரே அந்த ராடைத் துணியால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் வெந்நீர் ஆவியில் ஓரம் சுருண்டிருந்தது. உரித்தார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், வேறொரு எண், பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. அதே பொருளை வேறு யாரோ வாங்கி, ஷாக் அடிக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அது மறுபடியும் கடைக்கு வந்து, இந்த வீட்டுக்கும் வந்துவிட்டது. பகல் மூன்று மணிக்கு அவர் பிம்ப்ரியில் இருக்கும் அந்தக் கிடங்குக்குப் போன் செய்தார். இந்தப் பழைய எண்ணின் சரித்திரம் முழுக்க நாளைக் காலை என் கையில் இருக்க வேண்டும் என்றார்.

டிசம்பர் 4, வியாழன், காலை 10.15. பாணேர்.

கோதை செய்யும் வேலையை அவள் அம்மாவுக்கே விளங்கவைக்க முடிந்ததில்லை. கம்பெனி செய்யும் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுகிறவள் அவள். எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன வரும், எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாகப் படத்தோடு எழுதுவாள். யாரும் படிக்க மாட்டார்கள். ஏதாவது உடைந்தால் போன் செய்து கேட்பார்கள். பதினோரு வருடமாக இதே கதை. அலுவலகத்தில் அவளுக்குக் கோபக்காரி என்று பெயர் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இப்போது அவள் எழுதிக்கொண்டிருந்தது அந்தப் பிம்ப்ரி கிடங்குக்கான கையேடுதான். திரும்பி வந்த பொருள்களைப் பற்றி அறிக்கை எடுக்கும் மென்பொருள். வந்த பொருளை மேசையில் வைத்துப் பார்த்து நிறம் கொடுப்பார்கள். பச்சை என்றால் மறுபடி விற்கலாம். மஞ்சள் என்றால் பழுது பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் யார் கையிலும் போகக் கூடாது. எந்தப் பொருள் எந்த நிறம், யார் கொடுத்தார், எப்போது மாறியது என்பதை அறிக்கை சொல்லும்.

போன் செய்தவர் கிடங்கு மேலாளர் மகாதேவன். சென்னைக்காரர், புனே வந்து இருபது வருடம்.

"கோதை, ஒரு உதவி. போலீஸ் வந்திருக்காங்க. ரிப்போர்ட்ட காமிச்சா, இதை எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்க. புக்கு எழுதினவங்களே வந்து சொல்லிட்டா விஷயம் முடிஞ்சிடும்."

என்ன விஷயம் என்று அவள் கேட்டாள். ஒரு பெண் இறந்துபோனதையும், சிவப்பிலிருந்த ஹீட்டரைப் பச்சையாக்கியது அங்கே சாமான் பார்க்கும் கரீம் என்பது அறிக்கையில் தெளிவாக இருப்பதையும் அவர் சொன்னார். நாலு மணிக்குக் கரீமைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்களாம். பாவம், நம்ம ஊர் ஆள், நான்தான் வேலையில் சேர்த்துவிட்டேன், என்ன செய்வது என்று உச்சுக் கொட்டினார்.

கோதை பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அந்த மென்பொருளைக் கிடங்கில் நிறுவிப் பராமரிக்கும் நிர்மல் காரை எடுத்தான். அவன் புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். வழியெல்லாம் அவனுக்கு ஒரே பயம், எங்கே கம்பெனி பெயர் கெட்டுவிடுமோ என்று.

"நீங்க எதுவும் எக்ஸ்ட்ரா பேசாதீங்க, ப்ளீஸ். சாஃப்ட்வேர் சரியா இருக்கு, அவ்வளவுதான் சொல்லணும்."

"போன மாசம் என் கையேட்டுல ஒரு வரிய நீ அடிச்சே, ஞாபகமிருக்குதா?"

"எத்தனையோ அடிச்சேன். நீங்களும்தான் எனக்கு எத்தனை மெயில் போடறீங்க? பட்டன் கலர மாத்து, மேசை லிஸ்ட்ட திருத்து, அது இதுன்னு. எல்லாம் பெண்டிங்ல கெடக்கு."

அவன் அடித்த வரி இதுதான்: 'அறிக்கையில் காணும் தேதி வேலை நடந்த தேதி, பதிவு செய்த தேதி அல்ல.' படிக்கிறவர்கள் குழம்புவார்கள் என்று சொல்லி அடித்திருந்தான். அன்றைக்கே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலை 11.30. பிம்ப்ரி.

மேலாளரின் அறை மாடியில், ஏசியில் இருந்தது. சுவரில் கிடங்கின் வரைபடம் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அலமாரிகள் நீலத்தில், வாசல்கள் கறுப்பில், பொருள் பார்க்கும் மேசைகள் ஆரஞ்சில் நான்கு கட்டங்களாக. அதன் கீழ் டோங்ரே உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் கரீம் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது, கடையநல்லூர்க்காரர், பன்னிரண்டு வருடமாக இந்தக் கிடங்கில் திரும்பி வந்த சாமான்களைப் பார்ப்பவர். அறையில் நாற்காலி இரண்டு காலியாக இருந்தும் அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் மேற்பார்வையாளர் சோனியா. அழுத கண்.

டோங்ரே காகிதத்தை நீட்டினார். கோதை படித்தாள்.

பதிவு எண் 17212. நவம்பர் 10, காலை 10.55. சோனியா. மிக்சி ஒன்று, மஞ்சள்.

பதிவு எண் 18406. நவம்பர் 10, காலை 11.20. கரீம். ஹீட்டர் ராடு அறுபத்தொன்று, சிவப்பிலிருந்து பச்சைக்கு. சோதித்த இடம்: மேசை 4. காரணம்: தண்ணீரில் வைத்துச் சோதித்ததில் கசிவு இல்லை.

பதிவு எண் 17213. நவம்பர் 10, காலை 11.45. கரீம். இஸ்திரிப் பெட்டி ஒன்று, சிவப்பு.

"இது பொய் சொல்லுமா?" என்று டோங்ரே ஹிந்தியில் கேட்டார்.

"தானாச் சொல்லாது. சொல்ல வைக்கலாம்" என்றாள் கோதை.

நிர்மல் இருமினான். மகாதேவன் சிரித்த முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அரை மணி நேரம் கொடுங்கள் என்று கோதை கேட்டாள். டோங்ரே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணி வரை தனக்கு வேறு வேலை இல்லை என்றார்.

பகல் 12.05.

கீழே தகரக் கூரையின் சூடு. பெல்ட் ஓடும் சத்தம். கரீமின் மேசை மூன்றாவது, கடைசி. அதற்குப் பிறகு சுவர். சுவரோரம் மணல் நிரப்பிய தீயணைப்பு வாளிகள் இரண்டு. மேசைமேல் ஸ்கேனர், ஒரு டெஸ்டர், சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர் சுருள்.

"அந்த ஹீட்டர் ஒண்ணையும் நான் பச்சைக்குப் போடலம்மா" என்றார் கரீம். "அம்பது பேரு ஒரே கம்ப்ளெயிண்ட் எழுதியிருக்காவ, ஷாக் அடிக்குன்னு. மிச்சத்தையும் நானே பார்த்தேன். ஒரே லாட்டு, ஒண்ணா செஞ்ச சரக்கு. அறுபத்தொண்ணுக்கும் பொட்டு ஒட்டி, சிவப்பு அலமாரில வச்சிப் பூட்டினேன். சாவிய மேல கொடுத்தேன்."

"அப்புறம்?"

"நவம்பர் ஒம்பது ஞாயித்துக்கிழமை, எனக்கு லீவு. திங்கக்கிழமை வந்தா அலமாரி காலி. மகாதேவன் சார்ட்ட கேட்டேன். தயாரிச்ச கம்பெனிக்கே திருப்பி அனுப்பியாச்சுன்னாரு. நம்பிட்டேன்."

எழுதி வாங்கவில்லையா என்று அவள் கேட்டாள். தன் குரலிலிருந்த கோபம் அவர்மேல் விழுந்துவிட்டதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேலாளரிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

கரீம் மேசைமேல் இருந்த பொட்டுச் சுருளை ஓரமாக நகர்த்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் மனசு ஆறல. பூட்டின அன்னிக்கே கேட்டேன், சார், பிளக்கை வெட்டிப் போட்டுருதேன், யாரும் எடுத்தாலும் செருக முடியாதுன்னு. வேண்டாம், பொருள் முழுசா இருக்கணும்னுட்டாரு. நான் வெட்டிருக்கணும். வேலை போனாப் போகுதுன்னு வெட்டிருக்கணும்."

கோதைக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுகை வந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வரும். கோபம் வந்தால் மூளை நன்றாக வேலை செய்யும். அங்கேயே ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து காகிதத்தை மறுபடி விரித்தாள்.

பதிவு எண்ணைப் பார்த்தவுடனேயே மாடியில் அவளுக்கு விஷயம் பாதி விளங்கியிருந்தது. மீதிப் பாதிதான் பிடிபடவில்லை. இப்போது வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். 11.20. அவள் உதட்டைக் கடித்தாள். அதற்குப் பின்னால் வந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய், திரும்பி வந்தாள். மாடியில் அதை ஒரு தடவை படித்திருக்கிறாள், ஒன்றும் உறைக்கவில்லை. காரணம் கேவலமானது. தான் செய்த பிழையைத் தன் கண்ணே கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது.

எழுந்து போய்ச் சோனியாவைக் கூப்பிட்டாள்.

பகல் 12.40.

சோனியாவிடம் கேட்டவை சுருக்கமானவை. பேச்சு மராத்தியும் ஹிந்தியுமாக நடந்தது.

மேற்பார்வையாளர் கணக்கில் கணினியைத் திறப்பது யார் யார்? மூன்று பேர். நான், மகாதேவன் சார், பழுது பார்க்க வந்தால் நிர்மல். மூன்று பேருக்கும் ஒரே கடவுச்சொல்லா? ஆமாம். எங்கே இருக்கிறது? கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. ஆளுக்கொரு கணக்கு வைக்க வேண்டும் என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தேனே? சோனியா தலையைக் குனிந்துகொண்டாள்.

டிசம்பர் 2 சாயங்காலம் யார் இருந்தீர்கள்? மூன்று பேருமே. நிர்மல் ஸ்கேனர் சரி செய்ய வந்திருந்தான். ஆறரைக்குப் பூட்டினோம்.

"நான் கொடுத்த முதல் வரைவு உன்கிட்ட இருக்கா?"

சோனியாவுக்கு அந்த நிலையிலும் லேசாகச் சிரிப்பு வந்தது. "அதுல நீ பண்ணின தப்பைக் காட்டித்தானே நான் உன்னைக் கிண்டல் பண்ணினேன்? கையோடு உன்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன். நிர்மலும்தான் கொடுத்தான். நீ ரெண்டையும் பையில போட்டுக்கிட்டுப் போனே."

அது உண்மை. இரண்டு பிரதியும் இன்னும் கோதையின் மேசை இழுப்பறையில் கிடந்தன.

பகல் 1.15. மேலாளர் அறை.

எல்லோரும் இருந்தார்கள். கோதை முதல் காரியமாக ஒரு நாற்காலியை இழுத்துக் கரீமின் பக்கத்தில் போட்டாள். அவர் தயங்கினார். உட்காருங்க என்று அதட்டியபிறகு உட்கார்ந்தார்.

"சார்" என்று டோங்ரேயைப் பார்த்து ஹிந்தியில் ஆரம்பித்தாள். "இடது ஓரத்துல பதிவு எண் இருக்கு. அதை மனுஷன் எழுதறதில்லை. ஒவ்வொரு பதிவும் கணினிக்குள்ள போகும்போது வரிசையா அதுவே கொடுக்கும். யாராலும் மாத்த முடியாது. மேல பாருங்க, 17212. கீழே 17213. நடுவுல மட்டும் எப்படி 18406?"

டோங்ரே காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"நவம்பர் பத்தாம் தேதி இந்தக் கிடங்குல பதினெட்டாயிரத்து நானூறாவது பதிவு நடக்கவே இல்லை. சோனியா, 18405 எப்போ?"

சோனியா கணினியில் பார்த்துச் சொன்னாள். டிசம்பர் 2, மாலை 4.50. அவளே செய்த பதிவு. 18407? டிசம்பர் 3, காலை 9.05. கரீம்.

"ரெண்டுக்கும் நடுவுல செஞ்சது இது. நீங்க போன் பண்ணினது மூணு மணிக்கு. அஞ்சு மணிக்கு மேல யாரோ உட்கார்ந்து, மூணு வாரத்துக்கு முந்தின தேதியைப் போட்டுக் கரீம் பேரையும் எழுதியிருக்காங்க. நெட் இல்லாத நாள்ல காகிதத்துல எழுதி வெச்சு, அப்புறமா ஏத்தறதுக்குன்னு ஒரு வசதி இருக்கு. மேற்பார்வையாளர் கணக்குல மட்டும்தான் அது திறக்கும். அந்தக் கணக்கைத் திறக்கறது சோனியா, மகாதேவன் சார், நிர்மல், மூணே பேரு. கரீமுக்குத் திறக்காது. இருபத்திரண்டாம் பக்கத்துல படிப்படியா எழுதி வெச்சிருக்கேன்."

நிர்மலின் முகம் வெளுத்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் மூன்று விரல்களை அவள் நீட்டிவிட்டாள். அதில் ஒன்று அவன். மகாதேவனும் அதைத்தான் பார்த்தார்.

"டெக்னிகல் விஷயம் எனக்குத் தெரியாது" என்றார் அவர். "அன்னிக்கு நிர்மல் ரொம்ப நேரம் கம்ப்யூட்டர்ல இருந்தாரு. அதான் எனக்குத் தெரியும்."

"அரே, நான் ஸ்கேனர்தானே பார்த்தேன்" என்று நிர்மல் எழுந்தான்.

"உட்காரு நிர்மல்" என்றாள் கோதை. பிறகு மகாதேவன் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தாழ்ந்த குரல்தான் பயம். "சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. நம்ம குடோன்ல திரும்பி வந்த சாமான் பாக்கற மேசை எத்தனைங்க?"

மகாதேவன் இதில் என்ன பொறி இருக்கப்போகிறது என்று பார்த்தார். கண் சுவரிலிருந்த படத்துக்கு ஒரு முறை போய் வந்தது.

"நாலு."

இவர்களோடு பழகிக் கொஞ்சம் தமிழ் புரிந்த சோனியா வாயைப் பொத்திக்கொண்டாள். நிர்மல் மெல்ல உட்கார்ந்தான். கரீம் மட்டும், ஏதோ தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்து, மகாதேவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணுதான் சார்" என்றார் கரீம். "நாலாவது வரும் வரும்னு ரெண்டு வருசமா சொல்லுதீங்க. வரலியே."

பகல் 1.30.

கோதை எல்லோரையும் கீழே கூட்டிக்கொண்டு போனாள். முதல் மேசை, இரண்டாவது மேசை, மூன்றாவது மேசை. அதற்குப் பிறகு சுவர், மணல் வாளி. டோங்ரே அந்தச் சுவரைக் கையால் தொட்டே பார்த்தார்.

"நாலாவது மேசை தண்ணித் தொட்டி வெச்ச சோதனை மேசை" என்றாள் கோதை. "ஹீட்டர் மாதிரிச் சாமானைத் தண்ணியில போட்டுக் கரண்ட் கசியுதான்னு பாக்கறதுக்கு. வரைபடத்துல இருக்கு. தரையில இல்லை. வாங்கவே இல்லை. அப்படின்னா இந்தக் கட்டடத்துல ஒரு ஹீட்டரைத் தண்ணியில வெச்சுச் சோதிக்க இடமே கிடையாது. கரீம் சோதிச்சாராம். எதுல வெச்சு, இந்த மண்ணு வாளியிலயா?"

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பெல்ட்டை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சத்தம் நின்றதும் அவள் குரல் பெரிதாகக் கேட்டது.

"என் தப்பையும் சொல்லிடறேன். அக்டோபர்ல கையேட்டோட முதல் வரைவை எழுதறப்போ நான் இங்க வரலை. மகாதேவன் சார் கொடுத்த வரைபடத்தை வெச்சுத்தான் எழுதினேன். அதனால இருபத்திரண்டாம் பக்கத்துல மாதிரிக்குன்னு ஒரு பதிவைப் போட்டப்போ மேசை 4ன்னு போட்டேன். நேரம் 11.20ன்னு போட்டேன். எங்க ஆபீஸ்ல டீ வர நேரம் அது. என் மாதிரிப் பதிவு எல்லாத்துலயும் அதுதான் இருக்கும். 'தண்ணீரில் வைத்துச் சோதித்ததில் கசிவு இல்லை' அப்படிங்கறதும் நான் எழுதின வாசகம்தான். இந்தக் காகிதத்துல இருக்கறது அப்படியே என்னோட மாதிரி. தேதி, பேரு, எண்ணிக்கை மட்டும் வேற."

டோங்ரே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியானால் மூன்று பேரில் யாரும் அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கலாமே என்று கேட்டார்.

"எழுதியிருக்க முடியாது. முதல் வரைவைப் பார்த்த அன்னிக்கே, நாலாவது மேசை எங்கேன்னு கேட்டுச் சிரிச்சவ சோனியா. ஸ்கேனர் மூணையும் ஒவ்வொரு மேசையிலயும் மாட்டினவன் நிர்மல். பட்டியல்ல இருந்து நாலை எடுன்னு அவனுக்கு மெயிலும் போட்டேன். ரெண்டு பேருக்கும் நாலு கிடையாதுன்னு தெரியும். ரெண்டாவது வரைவுல மூணுன்னு திருத்திட்டேன். அதுக்கப்புறம் மேசை நாலுன்னு எழுதறதுக்கு ரெண்டு விஷயம் வேணும். கையில என்னோட பழைய வரைவு இருக்கணும். ஒரு தடவைகூட இந்த மேசை கிட்ட வந்து நின்னிருக்கக் கூடாது."

அவள் மகாதேவனைப் பார்த்தாள்.

"மூணு பிரதி கொடுத்தேன். ரெண்டு திரும்பி வந்துச்சு. உங்களுது வரலீங்க சார்."

மகாதேவன் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, குளிர் வந்துவிட்டதால் ஹீட்டருக்கு ஆர்டர் குவிந்ததையும், சரக்கு இல்லாமல் மேலிடம் நாள்தோறும் தன்னை நெரித்ததையும் சொல்ல ஆரம்பித்தார். அறுபத்தொன்றும் கெட்டுப் போயிருக்கும் என்று யார் கண்டது, கரீம் எல்லாவற்றுக்குமே பயப்படுகிற ஆள் என்றார். ஒப்பந்த ஆட்களை ஞாயிற்றுக்கிழமை வரவழைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டியதை அவர் சொல்லவில்லை. டோங்ரே கேட்டபோது மறுக்கவும் இல்லை. மாடியில் மகாதேவனின் இழுப்பறையை டோங்ரே திறந்தபோது முதல் வரைவு மேலாகவே இருந்தது. இருபத்திரண்டாம் பக்கம் ஓரம் மடித்திருந்தது. வரிகளுக்குக் கீழே பென்சில் கோடு.

"பன்னெண்டு வருசம் உங்களுக்குக் கீழ இருந்தேன் சார்" என்றார் கரீம்.

கோதை அந்தப் பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் அவள் எழுதியதை வரி விடாமல் படித்துப் பயன்படுத்திக்கொண்ட ஒரே மனிதர் இவர். நிதானமாக, படம் போட்டு, தப்பு வராமல் செய்வது எப்படி என்று இவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

டோங்ரே மகாதேவனைக் கான்ஸ்டபிளோடு ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, நன்றி, எல்லாம் முடிந்தது என்றார்.

"என்ன முடிஞ்சது?" என்று கோதை சீறினாள். "அறுபத்தொண்ணுல ஒண்ணுதான் சாங்வியில இருந்தது. மிச்சம் அறுபது எங்கே?"

பகல் 2.20.

பழைய எண்களை வைத்து ஹீட்டர்கள் எந்த வீட்டுக்குப் போயின என்று அறிக்கை எடுக்க முடியவில்லை. அவற்றின் தடம் சிவப்பு அலமாரியோடு நின்றுபோயிருந்தது. ஸ்டிக்கர் அச்சிடும் எந்திரத்தின் நினைவுதான் கை கொடுத்தது. நவம்பர் 9 ஞாயிறு, அறுபத்தொரு ஸ்டிக்கர், வரிசை எண்கள். சோனியா அவற்றை எடுத்தாள். நிர்மல் எந்த எண் எந்த வீட்டுக்குப் போனது என்று பட்டியல் போட்டான். ஒன்பது ஹீட்டர்கள் இன்னும் பச்சை அலமாரியில் இருந்தன. கரீம் அவற்றை எடுத்து வந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாகப் பிளக்கை வெட்டினார். யாரிடமும் கேட்கவில்லை.

மீதி ஐம்பத்தொன்று வீடுகளில் இருந்தன.

நான்கு பேரும் மூன்று மேசைகளில் உட்கார்ந்து போன் செய்தார்கள். சிலர் விற்பனை அழைப்பு என்று நினைத்துத் துண்டித்தார்கள். கோதை மறுபடி அழைத்துத் திட்டியே கேட்க வைத்தாள். டோங்ரேயும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு பட்டியலை வாங்கிக்கொண்டார். மணி நான்கானபோது கரீம் யாரிடமோ மராத்தியில் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து நின்றார். வயதான பெண் குரல் அது. பேரக்குழந்தையைக் குளிப்பாட்ட இப்போதுதான் ராடைப் போட்டிருக்கிறேன், தண்ணீர் சூடாகிறது என்றாளாம்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. தண்ணீரைத் தொடாதீங்க. பக்கெட் பக்கத்துல போகாதீங்க. குழந்தை எங்க இருக்கு? சரி. செருப்பைப் போட்டுக்கிட்டுப் போய்ச் சுவிட்சை அணைங்க. அணைச்சாச்சா? இப்போ பிளக்கைப் பிடுங்குங்க. பிடுங்கினேன்னு வாயால சொல்லுங்க.

பதில் வந்தது. கரீம் போனை வைத்துவிட்டு, பட்டியலில் அந்தப் பெயரின் மேல் கோடு போட்டார். பிறகு அடுத்த எண்ணை அழுத்தினார்.

மாலை ஆறு மணிக்கு நாற்பத்தெட்டுப் பேர் கிடைத்திருந்தார்கள். கிடைக்காத மூன்று முகவரிகளை டோங்ரே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். கோதை மூன்றாவது மேசையில், கரீமின் பக்கத்தில், மடிக்கணினியைத் திறந்தாள். அடித்திருந்த அந்த வரியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். பிறகு முதல் பக்கத்துக்குப் போனாள். மென்பொருளைத் திறப்பது எப்படி என்பதற்கும் முன்னால், புதிதாக ஒரு வரி எழுதினாள்.

'பொருளுக்குச் சிவப்பு கொடுத்தவுடன், வேறெதுவும் செய்வதற்கு முன், பிளக்கை வெட்டவும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.'

நிர்மல் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். இது மென்பொருள் சம்பந்தப்பட்டதில்லையே என்று சொல்ல வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து, கத்தரிக்கோலின் படம் ஒன்று வேண்டுமா என்று கேட்டான்.